அதிராத மைவி

அத்தியாயம் 6

ஜொகூர் மாநிலத்து ஆயர் ஈத்தாமில் மழைக்கும் வம்புக்கும் சொல்லிக்கொண்டு வரும் வழக்கம் கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டும் கைகோத்துக்கொண்டு வந்திருந்தன.

பானைக் கடைகளைத் தாண்டிய வளைவில், 'வாசுகி கார் ஆடியோ' என்ற பலகைக்குக் கீழே கார்கள் வரிசைகட்டி நின்றன. எல்லாக் காரின் பின்பக்கப் பூட்டும், அதாவது டிக்கியும், திறந்து கிடந்தது. ஒவ்வொரு பூட்டுக்குள்ளும் ஒரு தலை. ஸ்பீக்கர் பெட்டியைத் தட்டுவதென்ன, ஆம்ப்ளிஃபையரைக் குனிந்து முகர்வதென்ன, ஏதோ அழுகிய மீனை வாங்கிவிட்டவர்கள் போல ஆளாளுக்குச் சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"சார், மோந்து பாத்தா ஒரிஜினலா போலியான்னு தெரியுமா?" என்று கேட்டாள் மலர்.

"முகர்ந்து பார்க்கிற ஆளைப் பற்றித் தெரியும் பிள்ளை," என்றார் சிவசம்பு.

குளுவாங்கில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர் சிவசம்பு. காப்புறுதி நிறுவனத்தில் பொய் விபத்துகளைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர். இலங்கைத் தமிழ் வம்சம். திட்டினால்கூட 'ங்கோ' போட்டு மரியாதையாகத்தான் திட்டுவார். அவருக்கு உதவியாளர் மலர். முன்பு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தாள். அந்தக் கட்டுப்பாடு அவள் வாய்ப்பக்கம் மட்டும் எட்டிப் பார்த்ததே இல்லை.

கடைக்குள்ளிருந்து வாசுகி ஓடி வந்தாள். சிம்பாங் ரெங்கம் பள்ளியில் மலரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப்போய், சிங்கப்பூர்க் கடையொன்றில் வருடக்கணக்காகக் கார்களுக்கு ஸ்பீக்கர் பொருத்தி, அந்த உழைப்பில் எழுப்பிய கடை இது. இன்று அவள் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"வந்துட்டியாடி! காலையிலேருந்து ஒருத்தர் விடாம வந்து, 'எனக்குப் போட்டதும் போலியா'ன்னு கேக்குறாங்க. நான் திருடியாம்டி!"

"யாரு சொன்னா?"

"ஐயாசாமி ஐயா."

மலர் விசில் அடித்தாள். ஐயாசாமியைத் தெரியாதவர் ஜொகூரில் குறைவு. பகுத்தறிவுச் சிந்தனை வட்டத்தின் தலைவர். 'பகுத்தறிவுப் பெருஞ்சுடர்' என்பது பட்டம். பட்டத்தை வழங்கிய சங்கத்துக்கும் அவரே தலைவர் என்பது வேறு விஷயம். கறுப்புச் சட்டையும் கரிய முடியுமாக மேடையேறி, ஜோசியர்களையும் சாமியாடிகளையும் பிரித்து மேய்வார். 'ஏன், எதற்கு?' என்ற அவருடைய ஃபேஸ்புக் பக்கத்துக்குப் பெருங்கூட்டம். அந்தப் பக்கத்தில்தான் காலையில் அறிவிப்பு வந்திருந்தது: 'ஆயர் ஈத்தாமில் ஓர் ஒலித் திருட்டு! இன்று மதியம் நேரலையில் முகத்திரை கிழியும்!'

"என்ன நடந்தது எண்டு முதலிலிருந்து சொல்லுங்கோ பிள்ளை," என்றார் சிவசம்பு.

"அவரோட மைவி கார்ல ஒரு ஆம்ப்பும் ரெண்டு வூஃபர் ஸ்பீக்கரும் போட்டுக் கொடுத்தேன் சார். அவர் பாட்டு கேக்குறவரு இல்ல. அவரோட மேடைப் பேச்சையே பின்னணி மேளத்தோட பதிஞ்சு வச்சிருக்காரு, அதைத்தான் கேப்பாரு. கொடுத்த அன்னைக்குத் தன் குரல் சீட்டையே அதிர வைக்குதுன்னு கண்ணு கலங்கிட்டாரு. போன வாரம் போன் பண்றாரு, பேஸ் சுத்தமா இல்லையாம், அதிர்வே வரலையாம். நான் ஒரிஜினல் ஆம்பைக் கழட்டிட்டு போலியை மாட்டிட்டேனாம். கொண்டு வாங்க பாக்குறேன்னேன். 'ஆதாரத்தை அழிக்கப் பாக்குறியா'ன்னு கேக்குறாரு!"

"ஒண்டும் பழுதாகாமல், அந்த அதிர்வு மட்டும் காணாமல் போக வழி இருக்கோ?"

வாசுகி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். தொழில் பேச்சு வந்ததும் அழுகை தானாக ஒதுங்கியது. "ஒண்ணு இருக்கு சார். ஒவ்வொரு வூஃபருக்கும் பிளஸ், மைனஸ்னு ரெண்டு வயரு. ஒரு வூஃபருக்கு மட்டும் அது மாறிப் போச்சுன்னா, ஒண்ணு முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்கும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அழிச்சிரும். ரெண்டுல ஒண்ணைக் கழட்டிப் பாக்கணும். கழட்டினதும் சத்தம் கூடுச்சுன்னா அதான் வியாதி. ஆனா நான் கேட்டுப் பாத்துத்தானே கொடுத்தேன்! வயரு தானா திரும்புமா?"

"கழட்டினா கூடுமா? அலமாக்! மாமியார் ஊருக்குப் போனதும் வீட்டுல கலகலப்பு கூடுற கதையால்ல இருக்கு," என்றாள் மலர்.

அப்போது வெளியே ஹாரன் அலறியது. முகர்ந்துகொண்டிருந்த தலைகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன. வெள்ளை மைவி ஒன்று தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு வந்து நின்றது.

மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. பெரிய மனிதர் நனையலாமா என்று மலர் தன் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு ஓடினாள். கார்க் கதவைத் திறந்த ஐயாசாமி குடையைப் பார்த்தார். படமெடுத்த பாம்பைக் கண்டவர் போல ஒரு துள்ளு துள்ளி, மறுபக்கக் கதவு வழியாக இறங்கி, மழையில் தொப்பலாக நனைந்தபடி கடைக்குள் ஓடினார்.

வெறுங்குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற மலருக்கு ஒன்றும் புரியவில்லை. சரி, வந்ததுதான் வந்தோம் என்று காருக்குள் எட்டிப் பார்த்தாள். சீட்டெல்லாம் மஞ்சள் உறை. ஸ்டியரிங்குக்கு மஞ்சள் துணி. டாஷ்போர்டின் மேலும் மஞ்சள் விரிப்பு. மைவிக்கு யாரோ சடங்கு சுற்றிவிட்டாற்போல இருந்தது.

உள்ளே வந்து பார்த்தால், மனிதரின் கோலமும் மாறியிருந்தது. குங்கும நிறச் சட்டை. சுவரொட்டிகளில் கன்னங்கரேலென்று மின்னும் அந்தப் பிரசித்தி பெற்ற முடி, மருதாணி வைத்தாற்போலச் செக்கச் சிவந்து கிடந்தது.

"கறுப்புச் சட்டை எங்க ஐயா?"

"சலவைக்குப் போட்டிருக்கேன்."

"முடியையும் சேத்தா?"

"பிள்ளை!" என்றார் சிவசம்பு. கண்டிப்பதுபோல இருந்தாலும், அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது என்று மலருக்குத் தெரியும்.

விருந்தாளி என்று வந்தால் எதிரிக்கும் கோப்பித் தண்ணீர் கலக்குகிற குணம் வாசுகிக்கு. பால் தீர்ந்துபோனதால் எல்லாருக்கும் கோப்பி ஓ கொண்டுவந்து வைத்தாள். ஐயாசாமி குவளைக்குள் பார்த்தார். விரல் நுனியால் அதை மேசையின் மறுகோடிக்குத் தள்ளினார். "பால் ஊத்தாம நான் தொடறதில்ல."

"போன மாசம் குளுவாங் கூட்டத்துல மூணு கிளாஸ் கோப்பி ஓ குடிச்சீங்களே ஐயா? நான்தானே எடுத்துக் கொடுத்தேன்!" வரிசையில் முதலாவதாக நின்ற ஹேமநாதன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். காலையிலிருந்து அதிகமாக முகர்ந்தவர் அவர்தான்.

"டாக்டர் மாத்தச் சொல்லிட்டார்," என்று முடித்துவிட்டு, ஐயாசாமி போனைத் தாங்கியில் பொருத்தினார். மழை சற்றே விட்டிருந்தது. மைவியின் பூட்டைத் திறந்து, அதன் முன்னால் நின்று, தொண்டையைச் செருமினார். நேரலை தொடங்கியது. அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவரின் வாயிலிருந்து மேடைத் தமிழ் மடை திறந்தது.

"அன்புத் தோழர்களே! கேள்வி கேட்பவனே மனிதன்! கேளாதவன் மண்பானை! இதோ, ஓர் ஒலித் திருடியின் கூடாரத்தில் நின்று நான் கேட்கிறேன்: என் வாகனத்தின் அதிர்வு எங்கே?"

கருவியை முடுக்கினார். மேளத்தோடு அவருடைய பதிவுக் குரல் எழுந்தது. எழுந்தது என்றால், தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட கொசு எழுந்ததுபோல. மேளம் டொக் டொக்கென்றது.

"கேட்டீர்களா தோழர்களே! போலிக் கருவியின் ஓலம் இது!"

வாசுகியின் முகம் வெளிறிப்போனது. வாசலில் நின்ற வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த நேரலை இப்படியே முடிந்தால் நாளை இந்தக் கடையைத் திறக்க அவசியமே இருக்காது என்பது மலருக்கு நன்றாகத் தெரிந்தது.

சிவசம்பு நேரலை தொடங்கும்போதே காதில் அடைத்துக்கொண்ட பஞ்சை எடுத்துவிட்டு முன்னால் வந்தார். "ஐயா, எனக்கு ஒரு சின்னக் கேள்வி. கேட்கலாமோ?"

நேரலையில் வைத்து 'கேட்கக் கூடாது' என்று ஐயாசாமி எப்படிச் சொல்வார்? "தாராளமாக!"

"ஒரு வூஃபரைக் கழட்டினால் சத்தம் என்னவாகும்?"

"இதென்ன கேள்வி? பாதியாகும்!"

"பார்ப்பமோ?"

"கருவியை முதல்ல ஆஃப் பண்ணிட்டுக் கழட்டுங்க சார்!" என்று கத்தினாள் வாசுகி. திருடிப் பட்டம் கழுத்தில் தொங்கும்போதும் அடுத்தவர் ஆம்ப் கெட்டுவிடக் கூடாது என்று பதறுகிற ஜென்மம். சிவசம்பு அணைத்தார். இடது பெட்டியின் வயரை உருவினார். மீண்டும் முடுக்கினார்.

தும்!

மைவியின் நம்பர் பிளேட் படபடத்தது. பக்கத்துக் கடையில் அடுக்கியிருந்த பானைகள் கிணுகிணுத்தன. 'மூடநம்பிக்கையை விரட்டு!' என்ற ஐயாசாமியின் பதிவுக் குரல் கூடியிருந்தவர்களின் நெஞ்செலும்பில் போய் இடித்தது.

"போலி ஆம்ப் இப்படி உதைக்குமா லா!" என்று துள்ளினாள் மலர்.

ஐயாசாமி ஒரு கணம் திகைத்தார். ஆனால் மேடையில் பழுத்த ஆள் அல்லவா? கண்ணிமைக்கும் நேரத்தில் கட்சி மாறினார். "ஆக, தோழர்களே, குட்டு வெளிப்பட்டது! இந்தப் பெண் வயரைத் தவறாக இணைத்திருக்கிறாள்! திருடி அல்ல, ஒப்புக்கொள்கிறேன். தொழில் தெரியாதவள்! இரண்டில் எது மேல்?"

திருடி என்றபோது அழுத வாசுகி, தொழில் தெரியாதவள் என்றதும் அழக்கூட முடியாமல் நின்றாள். வாசலில் ஒருவர், "அதான் என் கார்லயும் சத்தம் ஒரு மாதிரியா இருக்கு," என்று தொடங்கிவிட்டார்.

மலருக்குப் பொறுக்கவில்லை. பூட்டுக்குள் தலையை விட்டாள். விட்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"வாசுகி, நீ என்ன கலர் வயருடி போட்ட?"

"சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். எப்பவும் அதான்."

"இங்க எல்லாமே சிவப்பா இருக்கேடி!"

சிவசம்பு போனைத் தாங்கியோடு தூக்கி வரிசையில் நின்ற கார்களின் பக்கம் திருப்பினார். திறந்து கிடந்த ஒவ்வொரு பூட்டிலும் ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர். ஐயாசாமியின் மைவியில் மட்டும் கறுப்பைக் காணோம். மலர் இன்னும் குனிந்து, பெட்டியில் வயர் செருகும் முனைகளைப் பார்த்தாள். இரண்டு முனையும் சிவப்பு. ஒன்றை நகத்தால் சுரண்டினாள். சிவப்பு உரிந்து, உள்ளே கறுப்பு பல்லிளித்தது.

"நெயில் பாலிஷ்!" என்றாள்.

"அவளும் பெண்தானே? அவள்தான் பூசியிருப்பாள்!" என்றார் ஐயாசாமி.

வாசுகி இரண்டு கைகளையும் கேமரா முன்னால் நீட்டினாள். ஒட்ட வெட்டிய நகங்கள். "ஆம்ப்ல பிளஸ் மைனஸ்னு அச்சடிச்சிருக்கும் ஐயா, அங்க தப்பாது. பெட்டியில கலரை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். கலரையே அழிச்சிட்டா குருட்டுப் போக்குலதான் மாட்டணும். ஒண்ணு சரியாப் போயிருக்கு, ஒண்ணு திரும்பிருச்சு. எனக்குக் கலரை அழிக்க என்ன பைத்தியமா?"

"வேறு யாருக்குப் பைத்தியம் என்கிறாய்?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. மலரின் மூளைக்குள் குடை விரிந்தது, கோப்பி ஓ தள்ளிப்போனது, சட்டை சிவந்தது, முடி சிவந்தது, சீட்டுக்கு மஞ்சள் உறை ஏறியது. அவள் சிவசம்புவைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே சுவரோரம் சாய்த்திருந்த குடையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, மழை திரும்பவும் தூறுது. இந்தக் குடையைக் கொஞ்ச நேரம் பிடியுங்கோ. அவ்வளவுதான். பிடிச்சால் நான் வாசுகியைக் கூட்டிக்கொண்டு போலீசுக்கே வாறன்."

ஐயாசாமி ஓரடி பின்வாங்கினார். சிவசம்பு ஓரடி முன்வைத்தார். குடை விரிந்தது. பகுத்தறிவுப் பெருஞ்சுடர் மைவியின் பக்கவாட்டில் முதுகு ஒட்ட நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"வேணாம்! வேணாம்! கிட்ட கொண்டாராதீங்க!" மேடைத் தமிழ் போன இடம் தெரியவில்லை. "கறுப்பு ஒரு வருசத்துக்கு ஆகாதுன்னு சொல்லியிருக்காரு!"

"யாரு?" என்று வாசல் முழுக்கக் கேட்டது.

ஐயாசாமி தடுமாறிப்போய் நேரலையை நிறுத்தக் கையை நீட்டினார். போன் திரையில் கேள்விகள் பொலபொலவென்று கொட்டின. 'ஏன்?' 'எதற்கு?' 'ஏன் நிறுத்தப் பார்க்கிறீர்கள் ஐயா?' அவரே ஊட்டி வளர்த்த கூட்டம் அல்லவா? நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. நடுவே ஒரு கேள்வியை மலர் உரக்கப் படித்தாள்.

"'என்னோட நெயில் பாலிஷை எடுத்தது நீங்கதானா? வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்.' தனலெட்சுமின்னு போட்டிருக்கு. யாரு ஐயா இது?"

"என் சம்சாரம்," என்றார் ஐயாசாமி.

அதோடு அவருக்குள் ஏதோ இறங்கிவிட்டது. பூட்டின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"லாபிஸ் பக்கம் ஒரு ஜோசியரு," என்றார் மெல்ல. "சிம்பாங் ரெங்கம் முனையில ஒரு லாரி என்னை உரசிட்டுப் போச்சு. மயிரிழையில தப்பிச்சேன். அதுக்கப்புறம் தூக்கமே இல்ல. பயந்துட்டேன். யாருக்கும் தெரியாம போய்ப் பாத்தேன். சனி புடிச்சிருக்கு, உடம்புலயும் வண்டிக்குள்ளயும் கறுப்பு இருக்கக் கூடாதுன்னாரு."

"டயரு கறுப்பா இருக்கே ஐயா?" என்றார் ஹேமநாதன்.

"உள்ளுக்கு மட்டுந்தான் சொன்னாரு."

சிரிப்பு வெடித்தது. மலரும் சிரித்தாள். வாசுகி சிரிக்கவில்லை. நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"வயரை மாத்தினதும் பேஸ் போயிருச்சு. அது உங்களுக்கே தெரியும், இல்லையா?"

ஐயாசாமி தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும்மா. மாத்தினேன்னு சொன்னா, ஏன் மாத்தினன்னு கேப்பாங்களே."

"பயந்தது தப்பில்ல ஐயா. எனக்கும் லாரியைக் கண்டா பயந்தான், எத்தனை வருசம் அந்தப் பாலத்துல மோட்டார் ஓட்டியிருக்கேன். ஆனா உங்க ஒருத்தர் பயத்தை மறைக்க என் பொழப்புல மண்ணை வாரிப் போட்டீங்களே, அதுதான் பொறுக்கல." கண்ணில் வழிந்ததை அவள் துடைத்துக்கொள்ளவில்லை. "இதே நேரலையில சொல்லுங்க. மேடைத் தமிழ் வேணாம். வீட்டுல பேசுற மாதிரி சொல்லுங்க."

ஐயாசாமி எழுந்தார். கேமராவைப் பார்த்தார். பட்டமும் வட்டமும் இல்லாமல் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"வாசுகி திருடல. அந்தப் புள்ளைக்குத் தொழிலும் நல்லாத் தெரியும். வயரைக் கெடுத்தது நான். பொய் சொன்னதும் நான். மன்னிச்சிருங்க."

நேரலையை மலர் நிறுத்தினாள். ஐயாசாமி யாரையும் பார்க்காமல் மைவிக்குள் ஏறினார். வயரைச் சரிசெய்து தரட்டுமா என்று வாசுகி கேட்டதற்கு, வேண்டாம் என்று கையசைத்துவிட்டுப் போனார். ஒற்றை வூஃபர் அதிர, கார் வளைவில் மறைந்தது.

"பெரிய பகுத்தறிவுவாதியாம்! ஜோசியன் பேச்சைக் கேட்டு வயரை மாத்துறதாம்! தூ!" என்றார் ஹேமநாதன். வரிசையே ஆமோதித்து ஐயாசாமியைக் கிழிகிழியென்று கிழித்தது. கிழித்து ஓய்ந்ததும், ஹேமநாதன் மெல்ல வாசுகியின் பக்கத்தில் வந்து ஒதுங்கினார். குரல் தணிந்தது.

"அது சரி வாசுகி. தெரியாமத்தான் கேக்குறேன். எனக்கும் இப்ப நேரம் சரியில்லங்கிறாங்க. என் ராசிக்குப் பச்சைதான் நல்லதாம். அந்தக் கறுப்பு வயரை மட்டும் பச்சையா..."

பின்னால் நின்றவர், "எனக்கும் ஒரு மஞ்சள்," என்று முணுமுணுத்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் தொண்டையைச் செருமினார். மலர் வாயைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவளுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

வாசுகிக்குக் கிடைத்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது.

"நல்லாக் கேட்டுக்குங்க எல்லாரும்! காலையில என்னைத் திருடின்னு பாத்தீங்க. மத்தியானம் தொழில் தெரியாதவன்னு பாத்தீங்க. ஒருத்தராவது எனக்காக ஒரு வார்த்தை பேசுனீங்களா? இது என் கடை. இங்க சிவப்பு பிளஸ்ஸு, கறுப்பு மைனஸ்ஸு. பிரம்மதேவனே மைவியில வந்து நின்னாலும் அதான். ஆகாதுங்கிறவங்க சொல்லுங்க, இப்பவே எல்லாத்தையும் கழட்டித் தந்துர்றேன். அப்புறம் அதிரலன்னு இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது!"

ஹேமநாதன் தன் காரைப் பார்த்தார். கறுப்பு வயரைப் பார்த்தார். வாசுகியின் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பூட்டைச் சாத்தினார். அவருக்குப் பின்னால் நின்றவரும் சாத்தினார். வரிசை முழுவதும் டப் டப்பென்று சாத்திக்கொண்டது.

வாசுகி திருப்புளியை எடுத்தாள். முகத்தை முழங்கையால் துடைத்தாள்.

"சத்தம் ஒரு மாதிரியா இருக்குன்னது யாரு? அந்தக் காரை உள்ள விடுங்க."